எண்ணாமல் விட்ட முடிச்சுகள்: குடல் புற்றுநோயின் நிலையைக் கணிப்பது பற்றி

மதுரை பெரியாஸ்பத்திரியில் ஆகட்டும், கப்பலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் ஆட்கள் போகும் தனியார் மருத்துவமனைகளில் ஆகட்டும், குடலில் புற்று இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டார் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனாவது ஸ்டேஜ்? வரும் பதிலைக் கொண்டுதான் நிலத்தை விற்பதா, அடுத்த மகளின் கல்யாணத்தைத் தள்ளிவைப்பதா, சென்னை அடையாறுக்கோ திருவனந்தபுரத்துக்கோ கொண்டுபோவதா என்பதெல்லாம் முடிவாகிறது. இரத்த வகையைப் போல இந்த எண்ணும் நோயாளியின் உடம்பிலேயே எழுதியிருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். அது அப்படிக் கிடைப்பதில்லை. அறுவை மருத்துவர் எவ்வளவு வெட்டி எடுத்தார், நோய்க்குறியியல் மருத்துவர் அதில் எவ்வளவு தேடினார், படம் எடுத்தவர் எதைப் பார்த்தார் என்ற மூன்று பேரின் உழைப்பு சேர்ந்துதான் அந்த எண் பிறக்கிறது. தேடல் குறைந்தால் எண்ணும் குறையும், நோய் குறையாது. கடந்த தொண்ணூறு ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு உறுதிப்படுவது இதுதான்: நம் பகுதியில் குடல் புற்றுநோயாளியின் எதிர்காலத்தைச் சரியாகச் சொல்ல, புதிய மரபணுச் சோதனைகளுக்கு முன்பே தேவைப்படுபவை இரண்டு. ஒன்று, இருக்கிற பழைய முறையை முழுமையாகச் செய்வது. மற்றொன்று, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை ஐந்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர்வது.

இந்த முறையின் வேர் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் இருக்கிறது. அங்கே நோய்க்குறியியலாளராக இருந்த கத்பர்ட் டியூக்ஸ், வெட்டியெடுத்த மலக்குடல்களை ஆராய்ந்து 1932-இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். கட்டி குடல் சுவருக்குள்ளேயே நின்றால் ஏ, சுவரைத் தாண்டினால் பி, நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருந்தால் சி. மூன்றே எழுத்துகள், ஆனால் எவர் பிழைப்பார் என்பதை அவை அதுவரை இருந்த எதையும்விட நன்றாகச் சொல்லின. பிறகு பிரான்சின் பியர் தெனுவா 1940களில் வகுக்கத் தொடங்கிய டி.என்.எம். முறை உலகப் பொதுமொழியானது. கட்டியின் ஆழம், முடிச்சுகளின் எண்ணிக்கை, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியது ஆகிய மூன்றும் சேர்ந்து நான்கு நிலைகள் ஆகின்றன. சுவரின் தசை அடுக்குக்குள் நின்றால் முதல் நிலை, அதைத் தாண்டியும் முடிச்சுகள் சுத்தமாக இருந்தால் இரண்டு, ஒரு முடிச்சிலாவது புற்று இருந்தால் மூன்று, கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ வயிற்று உறைக்கோ போயிருந்தால் நான்கு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலுள்ள கோடுதான் மிகக் கனமான கோடு. முடிச்சில் புற்று ஏறிய பெருங்குடல் நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் மருந்து கொடுத்தால் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று 1990-இல் மோர்ட்டலும் அவருடைய குழுவினரும் காட்டியதிலிருந்து, அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே கீமோ தொடங்குகிறது அல்லது தொடங்காமல் போகிறது.

அந்தக் கோடு ஒரு மேசையின் மேல் தீர்மானமாகிறது. வெட்டியெடுத்த குடலையும் அதோடு ஒட்டிய கொழுப்பையும் ஃபார்மலினில் ஊறவைத்து, நோய்க்குறியியல் மருத்துவரோ பயிற்சி மருத்துவரோ கொழுப்பை விரல்களால் நசுக்கி நசுக்கி முடிச்சுகளைத் தேடுகிறார். பல முடிச்சுகள் ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறியவை. கண்ணில் படுவதை எடுத்து அறுத்துப் பார்ப்பார்கள். படாதது கொழுப்போடு போய்விடும். குறைந்தது 12 முடிச்சுகளைப் பார்க்க வேண்டும் என்று உலக வழிகாட்டுதல்கள் ஏன் வற்புறுத்துகின்றன என்பதைச் சாதாரணக் கணக்கே சொல்லிவிடும். ஒருவரின் குடலோடு 20 முடிச்சுகள் வந்திருக்கின்றன, அவற்றில் ஒன்றில் மட்டும் புற்று என்று கொள்வோம். கைக்கு அகப்பட்ட ஐந்தை மட்டும் பார்த்தால் அந்த ஒன்று தப்பிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 75. பன்னிரண்டைப் பார்த்தால் 40. இரண்டு முடிச்சுகளில் புற்று இருந்தால், ஐந்தைப் பார்க்கும்போது இரண்டும் தப்பும் வாய்ப்பு 55. பன்னிரண்டைப் பார்த்தால் 15 மட்டுமே. அதாவது, ஐந்து முடிச்சுகளைப் பார்த்து ‘முடிச்சுகளில் புற்று இல்லை’ என்று எழுதிய அறிக்கையும் இருபதைப் பார்த்து அதையே எழுதிய அறிக்கையும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. இதை மேம்படுத்தப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. குடலுக்குப் போகும் தமனியில் மெத்திலீன் நீலச் சாயத்தைச் செலுத்தினால் முடிச்சுகள் நீலமாகத் தெரிந்து அதிகம் அகப்படுகின்றன என்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் புரூனோ மேர்க்லின் குழு 2007-இல் எழுதியது. அந்தச் சாயம் எந்த ஆய்வகத்திலும் இருக்கிறது.

தேடலின் குறை எப்படிப் புள்ளிவிவரத்தையே வளைக்கிறது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு தெளிவான சான்று உண்டு. அந்நாட்டுப் பதிவகங்களிலிருந்து 1,19,363 பெருங்குடல் நோயாளிகளை எடுத்து ஓகானலும் மற்றவர்களும் 2004-இல் ஐந்தாண்டுப் பிழைப்பைக் கணக்கிட்டார்கள். முதல் நிலையில் 93.2 விழுக்காடு, நான்காம் நிலையில் 8.1. இதில் வியப்பில்லை. இடையில்தான் ஒரு முரண்: கட்டி ஆழமாக ஊடுருவியும் முடிச்சுகள் சுத்தம் என்று சொல்லப்பட்ட இரண்டாம் நிலையின் பின்பிரிவினரில் 72.2 விழுக்காடு பிழைத்தார்கள். முடிச்சில் புற்று ஏறிய மூன்றாம் நிலையின் முதல் பிரிவினரில் 83.4 விழுக்காடு. மேலான நிலை என்று பெயரிடப்பட்டவர்கள் முன்னதாக இறந்தார்கள். மூன்றாம் நிலையின் முதல் பிரிவில் கட்டி ஆழமில்லாதது, அவர்களில் பலருக்குக் கீமோ கிடைத்தது என்ற விளக்கங்கள் உண்மைதான். ஆனால் இரண்டாம் நிலை என்று எழுதப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் மூன்றாம் நிலையினராக இருந்து, தேடாததால் தப்பிப்போனவர்கள் என்பதும் அதே அளவு நம்பத் தகுந்த விளக்கம். இதன் மறுபக்கத்தை யேல் பல்கலைக்கழகத்தின் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985-இல் விளக்கினார். நன்றாகப் படிக்கும் வகுப்பின் கடைசிப் பையனை மந்தமான வகுப்புக்கு மாற்றினால் இரண்டு வகுப்புகளின் சராசரியும் உயரும்; எந்தப் பையனும் கூடுதலாக ஒரு மதிப்பெண் வாங்கியிருக்க மாட்டான். நோயிலும் அப்படியே: ஒளிந்திருந்த பரவலைக் கண்டு ஒருவரை இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு மாற்றினால், இரண்டு நிலைகளின் பிழைப்பு விகிதமும் ஒருசேர ஏறும். ஆகவே இரண்டு மருத்துவமனைகளையோ இரண்டு பத்தாண்டுகளையோ ஒப்பிடும் எந்த அட்டவணையையும், அவை ஒரே அளவு தேடினவா என்று கேட்காமல் நம்பக் கூடாது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அதிக முடிச்சுகளைப் பார்த்த நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று பல ஆய்வுகள் சொன்னது உண்மை. 2007-இல் சாங்கின் குழு 17 ஆய்வுகளை, மொத்தம் 61,371 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இரண்டாம் நிலையில் ஏறக்குறைய எல்லா ஆய்வுகளும் அதையே காட்டின. ஆனால் அதே 2007-இல் சாண்ட்ரா வாங்கும் உடன் ஆய்வாளர்களும் கேள்வியை வேறு பக்கமிருந்து கேட்டார்கள்: அதிக முடிச்சுகளைப் பார்க்கும் மருத்துவமனைகளில் நோயாளிகள் அதிகம் பிழைக்கிறார்களா? அமெரிக்காவின் 30,000-க்கும் மேற்பட்ட முதியோரில் அவர்களுக்குக் கிடைத்த விடை, இல்லை என்பது. அதிகம் தேடிய மருத்துவமனைகள் புற்றேறிய முடிச்சுகளை அதிகம் கண்டுபிடிக்கவுமில்லை, கீமோவை அதிகம் கொடுக்கவுமில்லை. அப்படியானால் முடிச்சு எண்ணிக்கை என்பது நோயாளியின் உடல்வாகையும் எதிர்ப்பாற்றலையும் காட்டும் அடையாளமாக இருக்கலாம். இளைஞர்களுக்கும் சில மரபணு வகைக் கட்டிகளுக்கும் முடிச்சுகள் இயல்பாகவே அதிகம், கரண்டு (கதிர்வீச்சு) வைத்த பிறகு எடுத்த மலக்குடலில் குறைவு. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன், ஆனால் அது எட்டும் தூரம் வரைதான். எண்ணுவது வைத்தியம் ஆகாது. எண்ணி முடித்தபின் எதுவும் மாறாவிட்டால் ஆயுளும் மாறாது. அந்த ஆய்வு ஒப்பிட்டது ஓரளவு ஒழுங்கான முறைகளுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வை. தேடல் மிகக் குறைந்த இடத்தில் சிக்கல் வேறு விதம்: அங்கே தவறு இரண்டு பக்கமும் வெட்டும். புற்று ஏறியவருக்கு மருந்து கிடைக்காமல் போகும். இன்னொரு பக்கம், 12-க்குக் கீழே பார்த்த அறிக்கையை ஆபத்தின் அடையாளமாக வழிகாட்டுதல்கள் எடுத்துக்கொள்வதால், முடிச்சுகள் உண்மையிலேயே சுத்தமாக இருந்தவருக்குக் கீமோ ஏறும்.

எண்ணிக்கையின் விலை மருந்தின் அளவிலும் தெரிகிறது. 2018-இல் வெளியான ஐடியா கூட்டாய்வு, ஆறு சோதனைகளின் 12,834 மூன்றாம் நிலை நோயாளிகளைச் சேர்த்து, கீமோ மூன்று மாதம் போதுமா, ஆறு மாதம் வேண்டுமா என்று கேட்டது. கட்டி மிக ஆழமில்லாமல் ஒன்று முதல் மூன்று முடிச்சுகளில் மட்டும் புற்று இருந்தவர்களில், மாத்திரையும் ஊசியும் கலந்த கேப்பாக்ஸ் முறையில், நோய் திரும்பாமல் மூன்றாண்டு கழித்தவர்கள் மூன்று மாத மருந்தில் 85.0 விழுக்காடு, ஆறு மாதத்தில் 83.1. மூன்று மாதம் சளைத்ததாக இல்லை. நான்கோ அதற்கு மேலோ முடிச்சுகளில் புற்று இருந்தாலோ கட்டி குடலின் வெளியுறையைத் துளைத்திருந்தாலோ, குறிப்பாக ஃபோல்ஃபாக்ஸ் என்ற மற்றொரு மருந்து முறையில், ஆறு மாதமே மேல். இரண்டு முறைகளிலும் உள்ள ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து கை கால்களை மரத்துப்போக வைக்கும். வேலையைப் பாதிக்கும் அளவுக்கான நரம்புக் கோளாறு கேப்பாக்ஸில் ஆறு மாதம் பெற்றவர்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினருக்கு வந்தது. மூன்று மாதம் பெற்றவர்களில் 14. கப்பலூர் சிட்கோ பட்டறைகளிலும் நூற்பாலைகளிலும் விரல் நுனியால் பிழைப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் சம்பளம். இழை அறுந்ததை விரலால் தொட்டு இணைக்க முடியாதவருக்கு நோய் குணமானாலும் பழைய வேலை கிடைக்காது. மூன்று முடிச்சா நான்கு முடிச்சா என்று சரியாக எண்ணுவது அவருடைய ஒரு பருவத்து உழைப்பைக் காப்பாற்றும் காரியம்.

மலக்குடலில் இந்தக் கதை இன்னும் கூர்மையாகிறது. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இடம் குறுகல். கட்டியைச் சுற்றியுள்ள கொழுப்புறையை முழுதாக எடுக்காவிட்டால் ஓரத்தில் புற்று தங்கிவிடும். லீட்ஸ் நகரின் ஃபில் குவிர்க் 1986-இல் 52 மலக்குடல்களை முழு வட்டமாக அறுத்துப் பார்த்தார். நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் பக்க ஓரத்தில் புற்று இருந்தது, அப்படி இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. அதற்குச் சற்று முன் 1982-இல் பேசிங்ஸ்டோக்கின் பில் ஹீல்டு, அந்த உறையைக் கிழிக்காமல் முழுதாகப் பிரித்தெடுக்கும் முறையை எழுதியிருந்தார். ஓரம் சுத்தமாக வருமா என்பதை அறுவைக்கு முன்பே எம்.ஆர்.ஐ. படத்தில் சொல்லிவிடலாம் என்று 2006-இல் மெர்க்குரி ஆய்வு 408 நோயாளிகளில் நிறுவியது. 2014-இல் அதே குழு ஐந்தாண்டு முடிவுகளை வெளியிட்டபோது, படத்தில் ஓரம் சுத்தமாகத் தெரிந்தவர்களில் 62 விழுக்காடு உயிரோடு இருந்தார்கள், ஓரம் தொட்டிருந்தவர்களில் 42. வழக்கமான நிலை எண்ணைவிட அந்த ஒரு தகவல் நன்றாக முன்னறிந்தது. அப்படியிருக்க, மலக்குடல் புற்றுக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுக்காமல் சி.டி. ஸ்கேனோடு நேராக அறுவைக்குப் போவது கண்ணிருந்தும் பார்க்காமல் வெட்டுவது என்றே எண்ணுகிறேன். படம் எடுத்தால் மட்டும் போதாது. ஓரத்துக்கும் கட்டிக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்ற ஒரு வரி அறிக்கையில் வர வேண்டும்.

இதெல்லாம் பழைய காலத்துச் சரக்கு, இப்போது இரத்தத்திலேயே புற்றின் மரபணுத் துணுக்கைக் கண்டுபிடிக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சோதனைகள் மெய்யான முன்னேற்றம். அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. ஆஸ்திரேலியாவில் ஜீன் டையின் குழு 2022-இல் வெளியிட்ட டைனமிக் சோதனையில், இரண்டாம் நிலை நோயாளிகள் 455 பேரில், இரத்தத்தில் துணுக்கு இருந்தால் மட்டும் கீமோ என்று முடிவெடுத்தபோது, கீமோ பெற்றவர்கள் 28 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைந்தார்கள், நோய் திரும்புவது கூடவில்லை. கட்டிக்குள் புகுந்த எதிர்ப்பணுக்களை எண்ணும் இம்யூனோஸ்கோர் முறையை ஜெரோம் காலோனின் கூட்டாய்வு 2018-இல் 2,681 நோயாளிகளில் சோதித்தது. அதில் அகமதாபாத்தின் குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. ஆனால் டைனமிக் சோதனைக்குள் யாரைச் சேர்ப்பது என்று எப்படித் தீர்மானித்தார்கள்? நிலையைக் கொண்டுதான். புதிய சோதனை பழைய எண்ணின் மேல் ஏறி நிற்கிறது; அடியில் உள்ளது தவறென்றால் மேலே உள்ளதன் விடையும் தவறான ஆளுக்குப் போகும். இன்னொன்றும் உண்டு. நம் நோயாளிகள் அந்தச் சோதனைகளின் நோயாளிகளைப் போன்றவர்கள் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2017-இல் வெளியிட்ட 800 பேரின் கணக்கில் சராசரி வயது 47. மேலைநாடுகளில் இந்த நோயாளிகள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். கொடிய போக்குள்ள முத்திரை மோதிர வகை உயிரணுக் கட்டி அங்கே நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்க, டாடாவில் 13 விழுக்காடு. அமெரிக்க அட்டவணையில் மூன்றாம் நிலைக்கு எழுதியிருக்கும் விழுக்காட்டை மேலூர்க்காரருக்கோ உசிலம்பட்டிக்காரருக்கோ அப்படியே படித்துக் காட்டுவது எவ்வளவு சரியாகும்?

நம்மூரில் எல்லாரும் முற்றிப்போய்த்தான் வருகிறார்கள், அவர்களுக்கு நுணுக்கமாக நிலை பார்த்து என்ன ஆகப்போகிறது என்பது இன்னொரு மறுப்பு. தாமதம் உண்மை. மலத்தில் இரத்தம் போனால் மூலம் என்று முடிவுகட்டி, சுவர்களில் எழுதியிருக்கும் மூலம்-பவுத்திர வைத்தியத்துக்குப் போய் மாதங்கள் கழிகின்றன. மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டியை உறையணிந்த விரலால் ஒரு நிமிடத்தில் தொட்டறியலாம்; அந்தப் பரிசோதனை செய்யப்படாமலே களிம்பு எழுதிக் கொடுக்கப்படுகிறது. அரசின் புற்றுநோய்க் கண்டறிதல் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றோடு நிற்கிறது. ஆனால் ‘முத்திப்போச்சு’ என்ற ஒற்றைச் சொல், மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கில் 83-க்கும் 8-க்கும் இடையிலுள்ள எல்லாரையும் ஒரே பாயில் படுக்கவைத்துவிடுகிறது. நான்கோ அதற்கு மேலோ முடிச்சுகளில் புற்று ஏறியவர்களிலும் அங்கே நூற்றுக்கு 44 பேர் ஐந்தாண்டு தாண்டினார்கள். நிலையைத் துல்லியமாகக் கேட்பது இப்படிப்பட்டவர்களுக்குத்தான் அதிகம் தேவை. ஏனென்றால் சிகிச்சையைக் கைவிடும் முடிவு அவர்கள் வீட்டில்தான் எடுக்கப்படுகிறது.

நம் அட்டவணை நம்மிடம் உருவாக வேண்டுமென்றால் ஆட்களைப் பின்தொடர வேண்டும், அங்கேதான் பெரிய ஓட்டை. அறுவை ஓர் ஊரில், கீமோ ஓர் ஊரில், கரண்டு வேறொரு ஊரில் என்று கோப்புகள் சிதறுகின்றன. வீட்டில் இறப்பவர்களின் சான்றிதழில் புற்று என்ற சொல்லே வராமல் போவதுண்டு. வராத நோயாளியை உயிரோடு இருப்பதாகக் கொண்டால் மருத்துவமனையின் வெற்றி பெரிதாகத் தெரியும். அடையாறு புற்றுநோய் மையத்தின் ஆர். சுவாமிநாதன், ரமா, வி. சாந்தா மூவரும் 2008-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் சென்னைப் பதிவகத் தரவுகளைக் கொண்டு இதையே காட்டினார்கள்: வீடு தேடிப் போய்க் கேட்காமல், வந்து சேரும் இறப்புப் பதிவுகளை மட்டும் நம்பினால் பிழைப்பு விகிதம் உண்மையைவிட உயர்ந்துவிடுகிறது. ஐந்தாண்டு பின்தொடர்வது கிராமத்தில் நடக்கிற காரியமா என்று கேட்டால், மதுரைக்கு வடக்கே பக்கத்து மாவட்டத்தில் அது நடந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கி, 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்களைக் கருப்பைவாய்ப் பரிசோதனைத் திட்டத்தில் சேர்த்தார்கள். செவிலியர்கள் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய முறை அது. அம்பிளிக்கைக் கிறிஸ்தவ மருத்துவமனையின் புற்றுநோய்ப் பதிவகம் வழியாக நோயும் இறப்பும் ஆண்டுக்கணக்கில் கணக்கெடுக்கப்பட்டன. இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழில் சங்கரநாராயணன் குழுவினர் எழுதினார்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வறண்ட ஊர்களில், கூலிக்கு ஊர் மாறும் குடும்பங்களை வைத்தே அதைச் செய்தார்கள்.

கப்பலூரை அடுத்த தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய எய்ம்ஸும் மதுரை மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து குடல் புற்றுநோய்க்கு இதுபோன்ற ஒரு பதிவைத் தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கு நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் போதும்: வயது, கட்டி இருந்த இடம், எத்தனை முடிச்சுகள் பார்த்தார்கள், எத்தனையில் புற்று, மலக்குடல் என்றால் ஓரம் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை சுற்று கீமோ முடித்தார், எந்த ஊரில் முடித்தார். அதோடு நோயாளியின் கைபேசி எண்ணும், அவர் வீட்டுக்கு வெளியே வசிக்கும் உறவினர் ஒருவரின் எண்ணும், அவர் ஊருக்கான கிராம சுகாதாரச் செவிலியரின் பெயரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு அழைப்பு. பதில் இல்லையென்றால் அந்தச் செவிலியர் வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதவேண்டும். இப்படி ஐந்தாண்டு நடந்தால், மூன்றாம் நிலை என்றால் எங்கள் ஊரில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்கும் மகனுக்கு மதுரையின் எண்ணையே மருத்துவர் சொல்ல முடியும்.